மூலமும் உரையும்: டெக் என்னும் அச்சுமொழி குறித்துச் சில குறிப்புகள்

அச்சின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஈய எழுத்தோடு முடித்துவிடுகிறோம். அதற்குப் பின் வந்ததெல்லாம் வெறும் தொழில்நுட்பம், இலக்கிய விமர்சகனுக்கு அங்கே ஜோலி இல்லை என்பது பொதுவான எண்ணம். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரதி யாருடையது, அதில் கைவைக்க யாருக்கு உரிமை, மூலம் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்று பாடபேதங்களோடும் இடைச்செருகல்களோடும் மல்லுக்கட்டிப் பழகியவர்களுக்கு, 1977க்குப் பின் அமெரிக்கக் கணினித் துறையில் நடந்த ஒரு காரியம் சட்டென்று பிடிபட்டுவிடும். டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலையும், அதன்மேல் எழும்பிய லாடெக்கையும் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

1

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் க்னூத், கணினி நிரலாக்கக் கலை பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை 1968இல் வெளியிட்டார். 1969இல் வந்த இரண்டாம் தொகுதி மோனோடைப் இயந்திரத்தில், ஈய எழுத்தில் கோக்கப்பட்டது. 1977இல் அதன் இரண்டாம் பதிப்புக்கான மெய்ப்புகள் கைக்கு வந்தன. இதற்குள் பதிப்பகம் ஒளி அச்சுக்கோப்புக்கு மாறிவிட்டிருந்தது. மனுஷனுக்குப் பார்க்கவே சகிக்கவில்லை. அதே சமயத்தில், புள்ளிகளால் எழுத்தை உருவாக்கும் டிஜிட்டல் இயந்திரம் ஒன்றின் அச்சையும் அவர் பார்க்க நேர்ந்தது. புள்ளி இருக்கிறது, அல்லது இல்லை. ஆக, பக்கம் என்பது ஒன்றும் சைபருமான ஒரு வரிசைதான். அப்படியானால் அது தன் துறைக்குள் வரும் பிரச்சினை என்று முடிவுகட்டினார். ஓராண்டில் முடியும் என்று நினைத்துத் தொடங்கிய வேலை பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்தது. நிரல் 1978இல் முதல் வடிவம் பெற்று, 1982இல் முழுக்கத் திருப்பி எழுதப்பட்டது. கலை, கைவினை இரண்டையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளே அதற்குப் பெயராயின.

இங்கே கவனிக்க வேண்டியது, கம்பாசிட்டரின் கைப்பழக்கம் எப்படிக் கணக்காக மாறியது என்பதை. கம்பாசிட்டர் ஒரு வரியை முடித்து, சொற்களுக்கிடையே துண்டுகளைச் செருகி நிரப்பிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். க்னூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை பத்தியை மொத்தமாகப் பார்க்கிறது. எழுத்து ஒரு பெட்டி. சொல்லிடைவெளி நீளவும் சுருங்கவும் கூடிய ஒரு பசை. வரி உடையக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் அங்கே உடைத்தால் எவ்வளவு கெடும் என்று ஒரு மதிப்பெண். மொத்தக் கேடு எதில் குறைவோ அந்தப் பிரிப்பே தேர்வாகும். கடைசி வரியின் ஒரு சொல்லுக்காக முதல் வரி மாறக்கூடும். ஒரு தொழிலாளியின் கண்ணுக்கும் விரலுக்கும் தெரிந்திருந்த அறிவு இப்படித்தான் பொதுச்சொத்தானது. அதே கையோடு, அச்சுக்கோக்கும் வேலை பேராசிரியரின் மேஜைக்கும் வந்து சேர்ந்தது.

2

டெக்கில் எழுதுபவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுவதில்லை. சாதாரண எழுத்துகளுக்கு நடுவே கட்டளைகளைக் குறிகளாக இடுகிறார். பக்கம் பிறகு பிறக்கிறது. இந்த வழக்கம் க்னூத்துக்கும் முந்தியது. ஜெரோம் சால்ட்ஸர் எம்.ஐ.டி.யில் எழுதிய ரனாஃப் 1964ஐச் சேர்ந்தது. 1969இல் ஐ.பி.எம்.மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும், ஒரு பகுதி எப்படித் தெரிய வேண்டும் என்பதை விட்டுவிட்டு அது என்ன என்று மட்டும் குறியிடும் மொழியொன்றை வகுத்தனர். பிரயன் ரீட் தம் ஸ்க்ரைபில் இதையே வற்புறுத்தினார். லெஸ்லி லாம்போர்ட் 1980களில் டெக்கின் மேல் எழுப்பிய லாடெக்கின் மையக் கருத்தும் இதுவே. அதன் கையேடு 1986இல் வந்தது.

‘இதைத் தடித்த எழுத்தில் போடு’ என்பது ஒரு வகைக் கூற்று. ‘இது தலைப்பு’ என்பது இன்னொரு வகை. முதலாவதில் எழுதுபவர் அச்சகத்துக்கு ஆணையிடுகிறார். இரண்டாவதில் தம் பிரதியைத் தாமே வகைப்படுத்துகிறார், தோற்றத்தை வேறொருவர் தீர்மானிக்கிறார். பொருளையும் வடிவத்தையும் பிரித்துவிட்டோம், எழுத்தாளனுக்கு விடுதலை என்றுதான் இதற்கு வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. தலைப்பு, துணைத்தலைப்பு, தேற்றம், நிரூபணம் என்று எந்த வகைகள் உண்டு என்பதை முன்கூட்டியே வகுத்தவர் யார்? லாடெக்கின் இயல்பான பிரதி மேற்கத்திய ஆய்வுக்கட்டுரை. செய்யுள், அதன்கீழ் பதவுரை, அதன்கீழ் விசேடவுரை என்று ஒரு பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், தானாக வராது. நாம்தான் புதுக் குறி செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் செய்துகொள்ள முடியும் என்பதுதான் இதன் பலம். டெக்கின் அடிப்படைக் கட்டளைகள் சுமார் 300. மற்றவை எல்லாம் அவற்றைக் கோத்துச் செய்த மேக்ரோக்கள். பதவுரைக்கு ஒரு பெயர் வைத்து, அதன் எழுத்தளவையும் உள்தள்ளலையும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், ஆயிரம் பாட்டுக்கும் அதுவே நடக்கும். லாடெக்கே ஒரு பெரிய மேக்ரோத் தொகுப்புத்தான். அதன்மேல் உலகெங்கும் உள்ளவர்கள் எழுதிய பொதிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துள்ளன. சூத்திரத்துக்கு உரை, உரைக்கு உரை.

3

1990இல் க்னூத் ஒரு காரியம் செய்தார். இனி டெக்கில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, பிழைதிருத்தம் மட்டுமே என்று அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பெண் பையின் மதிப்பை ஓர் இலக்கம் நெருங்கும். 2021 திருத்தத்தின் எண் 3.141592653. தாம் இறந்த பிறகு எண்ணைப் பை என்றே மாற்றிவிட வேண்டும், அப்போது மிஞ்சியிருக்கும் பிழைகளெல்லாம் இயல்புகளாகிவிடும் என்றும் சொல்லிவைத்தார். நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றியதற்கு டெக் என்று பெயர் வைக்கக் கூடாது.

ஆசிரியனின் மரணம் பற்றிய பார்த்தின் கட்டுரை பிரெஞ்சில் வந்ததும் அதே 1968இல்தான். க்னூத் தம் மரணத்தைப் பிரதிக்குள்ளேயே எழுதிவைத்த ஆசிரியர். நம் ஏடுகளில் மூலத்துக்கும் இடைச்செருகலுக்கும் எல்லை தெரியாமல் போனதன் தொல்லையைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள். இங்கே எல்லை பெயரால் காக்கப்படுகிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய கோப்பு இன்றும் அதே வரிப்பிரிப்போடு பக்கமாகிறது என்றால் அதற்கு இந்தக் கட்டுப்பாடே காரணம். சர்வாதிகாரம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை.

கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. உறைந்தபோது உள்ளே இருந்தவர்கள் யார்? தொடக்க டெக் உள்ளீட்டில் 128 எழுத்துக்குறிகளை மட்டுமே அறியும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். 1989இல் ஸ்டான்ஃபோர்டில் கூடிய பயனர் கூட்டத்தில் ஐரோப்பியர்கள் தங்கள் எழுத்துகளுக்கு இடம் கேட்டார்கள். அந்த ஒன்றுக்காகக் க்னூத் இறங்கிவந்தார், 256 ஆனது. அதன்பின் கதவு சாத்தப்பட்டது. தமிழுக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே, க்னூத்தின் மெட்டாஃபாண்ட் மூலம் எழுத்துரு செய்திருந்தார். ஆனால் ரோமன் எழுத்தில் தட்டிப் பெற்ற தமிழை எத்தனை நாள் எழுதுவது? 2004இல் ஜோனதன் க்யூ யூனிகோடை ஏற்கும் ஸீடெக்கைக் கொண்டுவந்தபோதுதான் தமிழைத் தமிழாகவே உள்ளிட வழி பிறந்தது. மெய்க்குப் பின் சேமிக்கப்படும் ஒற்றைக்கொம்பை மெய்க்கு முன் நிறுத்துவதும், ஒகரத்தின் கொம்பையும் காலையும் இருபுறம் பிரித்துப் போடுவதும் அதற்குப் பெரிய விஷயமில்லை. டெக்குக்குள் நாம் வரவில்லை. டெக்கைப் பெயர்மாற்றி விரித்த இன்னொன்றின் வழியாக வந்தோம். விரிக்க உரிமை இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

இந்த இடைக்காலத்தில் தமிழகம் டெக்கை அறியாமல் இல்லை. மேற்கத்திய அறிவியல் பதிப்பகங்களின் பக்கங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் கட்டப்பட்டு வந்தன. அருகே திருவனந்தபுரத்தில் 1998இல் டெக் பயனர் குழு அமைந்தது, 2002இல் உலக மாநாடும் நடந்தது. அயல்நாட்டுச் சமன்பாடுகளுக்கு நம் பிள்ளைகள் குறியிட்டார்கள். அதே ஊர்களில் தமிழ்ப் புத்தகங்களோ, அச்சகத்துக்கு அச்சகம் மாறும் எழுத்துரு முறைகளில் கோக்கப்பட்டு, எழுத்துரு போனதும் திறக்க முடியாத கோப்புகளாகிப்போயின.

எனவே என் வாதம் இதுதான். தமிழ்ப் பதிப்பு உலகம் பக்கத்தின் அழகைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கோப்பின் ஆயுளைப் பற்றிப் பேசுவதில்லை. சங்கப் பாட்டுக்கும் உரைக்கும் பாடபேதத்துக்கும் அடிக்குறிப்புக்கும் ஏற்ற குறிகளை நாமே வகுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். அதற்குக் கருவி இருக்கிறது, காசும் கேட்பதில்லை. எவை மூலம், எவை உரை என்று தீர்மானிக்கும் வேலையை மட்டும் கணினிக்காரர்கள் நமக்காகச் செய்துதர மாட்டார்கள். அது தமிழ் படித்தவர்களின் வேலை.