கொழும்பு நகரின் பழமனைகளும் அவற்றின் உரிமை வரலாறும்

கொழும்பு மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோட்டையையும் துறைமுகத்தையும் கோயில்களையும் பற்றி விரிவாக உரைத்துள்ளனர். மக்கள் வாழ்ந்த மனைகளைப் பற்றி அத்துணை விரிவாக உரைத்தாரிலர். கொட்டாஞ்சேனைத் தெருக்களிற் சென்று நோக்குவார்க்குக் கடைப் பலகைகளுக்கு மேலே பழைய ஓட்டுக் கூரையும், மரத்தூண் நிறுத்திய விறாந்தையின் எச்சமும் இடையிடையே தென்படும். அத்தகைய மனையொன்றை விலைக்கு வாங்கிப் புதுக்கி வாழ விரும்புவோர் கறையானையும் கூரை ஒழுக்கையுமே முதலில் அஞ்சுவர். ஆயினும் இந்நகரின் பழமனைகளை அழித்தது பெரும்பாலும் மழையன்று, கறையானுமன்று. அவற்றின் உரிமை சிதறியமையே அழிவின் தொடக்கமாயிற்று.

கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை செல்வர் வாழ்ந்த இடங்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுக அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அப்பெரும் பணி நிறைவெய்தியது. காலித் துறையை நாடிய கப்பல்கள் கொழும்பை நாடின. கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றுவோரும் மூட்டை சுமப்போரும் துறைமுகத்தை அடுத்த பகுதிகளில் நெருங்கிக் குடியேறினர். செல்வரோ தெற்கு நோக்கிக் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற பெருமனைகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன; சூழ இருந்த தோட்டங்களில் வரிசைக் குடில்கள் எழுந்தன. ஒரு மரமும் இல்லாத நெருக்கமான குடியிருப்பைக் கொழும்பு மக்கள் இன்றும் 'தோட்டம்' என்றே அழைக்கின்றனர். சொல்லில் மட்டும் மரம் நிற்கிறது.

இதன்மேல் வாரிசுரிமைச் சட்டமும் தன் வேலையைச் செய்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவன் இறப்பின் மனைவிக்கு அரைப்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு மக்களுக்குச் சமமாகப் பகிரப்படும். மக்கள் நால்வராயின் தலைக்கு 1/8 பங்கு. அந்நால்வருள் ஒருவர் தம் மனைவியையும் நான்கு மக்களையும் விட்டு இறப்பின், பேரர் ஒருவர்க்கு 1/64 பங்கு. இவையெல்லாம் பிரிக்கப்படாத பங்குகள். இன்ன அறை இன்னாருடையது என்று சுட்ட இயலாது. கூரை ஒழுகும்போது 64இல் ஒரு பங்குக்குரியவர் எதற்காக முழுக் கூரையையும் வேய்வார்? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி விற்பனைக்கு நொத்தாரிசு எழுதிய உறுதியும் இரு சாட்சிகளும் வேண்டும் என விதித்தது. எனவே மனையை வாங்குவோர் காணிப் பதிவகத்து ஏடுகளைப் புரட்டி, பங்காளர் அனைவரையும் தேடிக் கையொப்பம் பெறல் வேண்டும். ஒருவர் மறுப்பின் எஞ்சும் வழி பாகப்பிரிவினை வழக்கே. பிரிக்கவியலாத சிறு மனையாயின் அது ஏலத்தில் முடியும்.

உரிமையாளர் ஒருவரேயாயினும், உள்ளே குடியிருப்பவர் இருப்பர். ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச்சென்ற சட்ட மரபின்படி மனை கைமாறுவதால் வாடகை முறிவதில்லை. வாங்கியவர் குடியிருப்பவரையும் சேர்த்தே வாங்குகிறார். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையை ஓர் அளவுக்குள் நிறுத்தி, வாடகைக்காரர் இறந்தபின் அவர் குடும்பத்தாரும் தொடர்ந்து வாழ இடமளித்தது. எளியோர்க்கு இது பெருங்காவல். ஆனால் சொற்ப வாடகை பெற்றவர் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் முன்வரவில்லை. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. அதே ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமோ ஒரு கட்டடத்தை மாடிக் குடிமனைகளாகப் பிரித்து விற்க வழி திறந்தது. வெள்ளவத்தையின் தோற்றத்தை மாற்றியது பின்னதே. 1983 ஜூலை வன்செயலில் அங்கும் தமிழர் இல்லங்கள் எரிந்தன. பின்வந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து பெயர்ந்தோரும் வெளிநாட்டு உறவினரின் பணத்தைத் துணைகொண்டோரும் அங்கு குடிமனைகளை வாங்கினர். முற்றத்தோடு கூடிய தனிவீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

கொட்டாஞ்சேனையில் 1757இல் நிறைவுற்ற உல்வெண்டால் தேவாலயமும், பொன்னம்பல முதலியார் 1856இல் எழுப்பிப் பின் அவர் மைந்தர் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் நிலைத்திருக்கின்றன. அவற்றைப் பங்கு போட்டவர் எவருமிலர்.

இல்லங்களுள் தப்பியவை சிலவே. புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்த ஆள்பதி தோமஸ் வான் ரீ (1692–1697) வாழ்ந்த மனை, பின் அநாதைச் சிறுவர் கல்விக்கூடமாகவும், ஆங்கிலேயர் காலத்தில் படைவீரர் மருத்துவமனையாகவும், அஞ்சலகமாகவும் பயன்பட்டது. 1971இல் அதன் சுவரொன்று இடிந்தது. அரசின் உடைமையாக இருந்ததனால் யாரையும் தேடிக் கையொப்பம் பெற வேண்டியிருக்கவில்லை. நெதர்லாந்தின் உதவியுடன் புதுக்கப்பட்டு 1982இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இத்தகைய மனைகளின் சுவர் செம்பூராங்கல்லால் ஆனது. முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே அதன் பூச்சு. ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளிவிடுவது அச்சுவரின் இயல்பு. அதன்மேல் சீமெந்து பூசின் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். விரைந்து பழுதுபார்க்க எண்ணியவர் பலர் இவ்வாறே மனையைக் கெடுத்தனர்.

தனியொருவர் செய்த பணிக்குச் சிறந்த சான்று கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் இல்லம். 1958இல் கொள்ளுப்பிட்டி 33ஆம் ஒழுங்கையில், ஒரே வரிசையிலிருந்த நான்கு சிறு வீடுகளுள் மூன்றாவதில் அவர் குடியேறினார். நான்காவது வெற்றிடமானபோது அதையும் பெற்றார். எஞ்சிய இரண்டும் கைவர ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது. வீடு காலியாகும்வரை காத்திருந்தமையே அவர் வழி. முதல் வீட்டின் இடத்தில் மாடிகளோடு கூடிய கோபுரம் எழுந்தது. வீடுகளுக்கு இடையே வான்வெளி நோக்கிய சிறு முற்றங்கள் அமைந்தன. 2003இல் அவர் மறைந்தபின் அவர் பெயரிலான அறக்கட்டளை அம்மனையைப் பேணுகிறது. உள்ளே நீர்த்தொட்டியருகே நிற்கும் மரத்தூண்கள் செட்டிநாட்டிலிருந்து வந்தவை. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடை நடத்தியோரின் ஊர்களில், பேரர் பெருகிப் பங்குகள் சிதறியபின் பெருவீடுகள் பல கழற்றப்பட்டன. தூணும் நிலையும் கதவுமாகக் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வந்தன.