குமட்டலுக்குப் பின்னால் ஒரு பூச்செடி

இதய மாத்திரை சாப்பிடும் நம் வயதுக்காரர்கள் பலர், "சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது" என்கிறார்கள். நம் ஆரணி, திருமலைப் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான், பித்தம். சுக்குக் கஷாயத்தோடும் எலுமிச்சை ஊறுகாயோடும் விஷயம் முடிந்துவிடும். ஆனால் இந்தக் குமட்டலுக்கு 200 வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

1775-ல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு நாட்டு மருந்து பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி குடும்ப ரகசியமாக வைத்திருந்த கஷாயம் அது. உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்குக் கொடுப்பார். கடுமையாக வாந்தியும் பேதியும் ஆகும், சிலருக்கு வீக்கம் வடிந்துவிடும். அதில் 20 மூலிகைக்கு மேல் இருந்தன. வேலை செய்தது ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடி ஒன்றுதான் என்று விதரிங் கண்டுகொண்டார்.

பத்து வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1785-ல் புத்தகம் எழுதினார். வாந்தி எடுத்தால்தான் குணம் என்பது தவறு, குமட்டல் வந்தாலே மருந்தை நிறுத்த வேண்டும் என்பது அதன் முக்கியமான பாடம். அளவு மீறினால் நாடி 35 வரைக்கும் இறங்கும், பார்ப்பதெல்லாம் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரியும் என்றும் குறித்து வைத்தார்.

1930-ல் சிட்னி ஸ்மித் என்ற வேதியியலாளர் அதே இனத்தின் வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்ததுதான் டிகாக்சின். நம் வேலியோரத்து அரளியின் விஷமும் இதே வகைச் சத்துதான்.

எங்கள் உறவில் பட்டுத்தறி நெய்த பெரியவர் ஒருவர் இந்த மாத்திரை சாப்பிட்டார். வாரத்தில் 5 நாள் மாத்திரை, 2 நாள் கிடையாது. தினசரிக் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். ஒரு வெயில் காலத்தில் பத்து நாளாகக் குமட்டல். வீட்டில் எல்லோரும் பித்தம் என்றோம். "விளக்கு மஞ்சளாகத் தெரியுதுப்பா" என்று அவர் சொன்ன பிறகுதான் வேலூருக்கு அழைத்துப் போனோம். நாடி 44. மாத்திரையை நிறுத்தி, ரத்தத்தில் பொட்டாசியத்தைச் சரிசெய்தார்கள். நான்காம் நாள் இட்லி கேட்டார்.

காரணம் இதுதான். டிகாக்சின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. வயதானால் சிறுநீரகம் தளரும், மருந்து உடம்பில் தேங்கும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைத்தால் விஷத்தன்மை இன்னும் கூடும். தேங்கிய மருந்து மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தைத் தொடுவதால், வயிற்றுக்குச் செய்யும் கைவைத்தியம் அங்கே எட்டாது.

1997-ல் 6,800 பேரிடம் நடத்திய ஆய்வு முடிவு வந்தது. டிகாக்சின் ஆயுளைக் கூட்டவில்லை, ஆஸ்பத்திரியில் சேருவதை மட்டும் குறைத்தது. அதனால் இப்போது குறைவாகவே எழுதுகிறார்கள். ஆனாலும் நம் தெருக்களில் அது இன்னும் இருக்கிறது.

எல்லாக் குமட்டலும் இந்த மாத்திரையால் வருவதில்லை. இதயம் தளர்ந்து கல்லீரலில் ரத்தம் தேங்கினாலும் வரும். திடீரென்று வியர்வையோடு வந்தால் மாரடைப்பாகவும் இருக்கலாம், அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தொடர்ந்து குமட்டினால் மாத்திரைச் சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். அடுத்த வேளை மாத்திரை போடலாமா என்று அவரையே கேளுங்கள். ஊறுகாயை விட்டுவிடுங்கள், அந்த உப்பு இதயத்துக்கு ஆகாது.