மீன் வாடை அடிக்கும் பங்காளிகள்

ஐரோப்பா வரைபடத்தை எடுத்து ஹங்கேரியைத் தேடுங்க. நட்டநடுவுல இருக்கும், சுத்தி ஏழு நாடுகள். ஒருபக்கம் ஜெர்மன் பேசுறாங்க, மூணு பக்கம் ஸ்லாவிய மொழிகள், இன்னொரு பக்கம் ருமேனிய மொழி. இது எல்லாமே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். நடுவுல இருக்கிற ஹங்கேரியன் மட்டும் அந்தக் குடும்பத்துல சேராது.

இசைக்கலைஞர் பேலா பார்டோக்னு உலகமே சொல்லும். அவர் ஊர்ல அவர் 'பார்டோக் பேலா'. குடும்பப் பேர்தான் முதல்ல வரும். இலக்கணமும் அப்படித்தான். 'ஹாஸ்'னா வீடு, 'ஹாஸ்பன்'னா வீட்டில். நம்ம தமிழ் மாதிரியே விகுதியை வால்ல ஒட்டிக்கிட்டே போகலாம். உடனே சொந்தம் கொண்டாடக் கிளம்பிடாதீங்க மக்களே :-) கால்டுவெல்லே 1856ல வந்த ஒப்பிலக்கணத்துல, திராவிட மொழிகளுக்கு ஃபின்னிஷ், ஹங்கேரியன் எல்லாம் அடங்கின கூட்டத்தோட உறவு இருக்கலாம்னு வாதாடிப் பாத்தார். இன்னிக்கு மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கிறதில்லை. ஒட்டுற விதம் ஒண்ணா இருந்தா மட்டும் உறவு ஆகிடாது.

அப்போ அவங்களுக்கு யார்தான் உறவு? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்சப்போ ஹங்கேரியர்கள் சந்தோஷப்படலை. கோபப்பட்டாங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

அவங்க தங்களைச் சொல்லிக்கிற பேர் மாகியர். கி.பி. 895 வாக்குல ஆர்பாத் தலைமையில குதிரைமேல வந்து கார்பாத்திய மலைகளுக்கு நடுவுல இறங்கினாங்க. அடுத்த அறுபது வருஷம் அவங்க அம்புக்கு ஐரோப்பாவே நடுங்கிச்சு. 955ல லெக்ஃபெல்டுல ஜெர்மன் மன்னர் ஓட்டோகிட்ட வாங்கின அடியில ஓட்டம் நின்னுச்சு. 1000மாவது வருஷ வாக்குல இஷ்த்வான் கிறிஸ்தவ அரசரா முடிசூடினார். குதிரைக்காரங்க குடியானவங்க ஆனாங்க.

ஆனா பழம்பெருமை போகலை. 13ம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள், நாம ஹூணர்களோட வாரிசு, அட்டிலாவோட வம்சம்னு எழுதி வச்சாங்க. இன்னிக்கும் அங்க அட்டிலாங்கிறது சர்வசாதாரணமான ஆம்பளைப் பேர்.

1769ல வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்கிறதைப் பார்க்க, நார்வேயோட வடகோடிக்கு ரெண்டு ஜெசூட் பாதிரியார்கள் போனாங்க. அதுல ஒருத்தர் ஷாய்னோவிச், ஹங்கேரிக்காரர். அங்க கலைமான் மேய்க்கிற, மீன் பிடிக்கிற சாமி மக்களோட பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். அடுத்த வருஷமே, ஹங்கேரியனும் இந்த மொழியும் ஒண்ணுன்னு ஒரு புத்தகம் போட்டார். மீனுக்கு ஹங்கேரியன்ல 'ஹல்', ஃபின்னிஷ்ல 'கலா', சாமி மொழியில 'குவொல்லி'. கைக்கு 'கேஸ்', ஃபின்னிஷ்ல 'கேசி'. ரத்தத்துக்கு 'வேர்', அங்க 'வெரி'.

ஊர்ல பெரிய மனுஷங்க கொதிச்சுப் போனாங்க. அட்டிலா எங்க, மீன் காய வைக்கிற ஆளுங்க எங்க! 'மீனெண்ணெய் வாடை அடிக்கிற உறவு'ன்னு இதுக்கு ஒரு நக்கல் பேரே நிலைச்சுப் போச்சு. கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1784ல ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசேப் ஜெர்மன்தான் ஆட்சிமொழின்னு உத்தரவு போட்டார். லத்தீன் போய் ஹங்கேரியன் ஆட்சிமொழி ஆக 1844 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. சொந்த நாட்டுலயே மொழிக்கு மரியாதை கேட்டுப் போராடுறவனுக்குக் கம்பீரமான பாட்டன் தேவைப்படுறது புரியுது.

அதே 1784ல திரான்சில்வேனியாவுல பிறந்தவர் கொரோஷி சோமா ஷாந்தோர். மாகியர்களோட ஆதி ஊர் ஆசியாவுலதான் இருக்கணும்னு நம்பி 1819ல கிளம்பினார். பெரும்பாலும் நடைதான். 1822ல லடாக் வந்து சேர்ந்தார். ஜன்ஸ்கார்ல ஒரு குட்டி அறையில, குளிர்ல உக்காந்து ஒரு லாமாகிட்ட திபெத்திய மொழி படிச்சார். முன்னோரைத் தேடி வந்தவர் 1834ல கல்கத்தாவுல திபெத்திய-ஆங்கில அகராதியும் இலக்கணமும் வெளியிட்டார். மேற்குலகின் திபெத்தியப் படிப்புக்கு அஸ்திவாரம் அது. 1842ல லாசா போற வழியில டார்ஜிலிங்ல காய்ச்சல்ல இறந்தார். சமாதி அங்கேயே இருக்கு. தேடினது கடைசிவரை கிடைக்கலை.

அடுத்த வருஷமே ரெகுலி ஆந்தல் சரியான திசையில போனார். யூரல் மலையைத் தாண்டி, ஓப் நதிப்பக்கம் மான்சி, ஹாந்தி மக்கள்கிட்ட. அவங்க பாட்டையெல்லாம் எழுதிக்கிட்டு உடம்பு கெட்டுத் திரும்பினார். எழுதினதோட அர்த்தம் முழுசா விளங்குறதுக்குள்ள 1858ல செத்துப்போனார். 1888ல முன்காச்சி பெர்னாத் திரும்பவும் மான்சிகள்கிட்டயே போய்ப் பொருள் கேட்டு வந்தார்.

இதுக்கிடையில பெரிய சண்டை. துருக்கிய உறவுதான்னு வாம்பேரி, இல்லை உக்ரிய உறவுதான்னு புடென்ஸ். 'ஆல்மா' ஆப்பிள், 'பூஸா' கோதுமை, 'ஓகோர்' மாடு எல்லாமே துருக்கியச் சொற்கள்தான். ஆனா அதெல்லாம் வழியில வாங்கினது. எலும்பும் தசையும் உக்ரியம்னு மொழியியல் தீர்ப்பு சொல்லிடுச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. குதிரைக்கு ஹங்கேரியன்ல 'லோ'. மான்சியிலயும் ஹாந்தியிலயும் கிட்டத்தட்ட அதே சொல். சேணத்துக்கான 'ன்யெரெக்' கூட அங்கிருந்து வந்ததுதான். எந்தக் குதிரைப் பெருமைக்காக அந்த உறவை வேண்டாம்னாங்களோ, அந்தக் குதிரைக்குப் பேரே அந்தப் பங்காளி வீட்டுச் சொத்து!

பழைய கல்லறை எலும்புகளோட மரபணுவும் கலப்புக் கதைதான் சொல்லுது. ஆர்பாத் காலத்து ஆட்கள்கிட்ட மான்சிகளோட பொதுவான முன்னோர் அடையாளம் இருக்கு. புல்வெளி நாடோடிகளோட கலப்பும் இருக்கு. இன்றைய ஹங்கேரியர்களோ பெருமளவு அக்கம்பக்கத்து ஐரோப்பியர்கள் மாதிரியேதான். ரத்தம் கரைஞ்சுபோச்சு, மொழி கரையலை.

இன்னிக்கு ஹங்கேரியன் பேசுறவங்க சுமார் 1.3 கோடி. 2010 ரஷ்யக் கணக்கெடுப்புல மான்சிகள் 12,000 சொச்சம் பேர், அதுல மான்சி பேசத் தெரிஞ்சவங்க ஆயிரத்துக்கும் கம்மி. நூறு வருஷத்துக்கும் மேல 'இவங்க எங்க சொந்தம் இல்லை'ன்னு ஒரு கூட்டம் சண்டை போட்டுச்சு. அந்தச் சொந்தம் இப்போ தானாவே சத்தமில்லாம விலகிக்கிட்டு இருக்கு. முன்காச்சி மாதிரி யாராவது மறுபடி ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேட்டுப் போனா, சொல்றதுக்கு அங்க ஆள் இருக்கணும்.