டர்போவும் மண்ணெண்ணெயும்: வன்னி இஞ்சின்களின் ஒரு சின்ன வரலாறு

எங்கட கூட்டத்தில ஒருத்தன் பழைய நிசான் சன்னி ஒண்டு வாங்கினான். 1990களில வந்த, 1500 சிசி பெற்றோல் கார். வாங்கின நாள் தொடக்கம் அவனுக்கு ஒரே கனவு, அதுக்கு டர்போ பூட்டவேணும். யூடியூப்பில எல்லாம் பாத்து, சாமான் விலையும் விசாரிச்சு வச்சிட்டான். கடைசியில நாங்கள் நாலு பேரும் அவனோட பரந்தன் பக்கம் இருக்கிற ஒரு கராச்சுக்குப் போனோம். அங்க இருக்கிற ஐயாவுக்கு அறுபது வயதுக்கு மேல. பொனற்றைத் திறந்து கொஞ்ச நேரம் பாத்திட்டுச் சொன்னார்:

"தம்பி, உதைப் பூட்டிறது பெரிய வேலை இல்ல. பூட்டினாப் பிறகு இஞ்சின் இருக்குமோ எண்டதுதான் கேள்வி. முதல்ல கொம்பிரஷனைக் குறைக்கவேணும். அந்த வேலையை நாங்கள் தடைக்காலத்திலயே செய்தனாங்கள். டர்போவுக்கில்ல, மண்ணெண்ணெய்க்கு."

டர்போவும் மண்ணெண்ணெயும் எப்பிடி ஒரு வசனத்துக்குள்ள வந்துது எண்டு எங்களுக்கு விளங்கேல்ல. அதை விளங்கிக்கொள்ளத் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் டர்போவைப் பார்ப்போம். சாதாரண இஞ்சின் எங்களைப்போலத் தன்பாட்டில் மூச்சிழுக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றின் அளவுக்கு வளிமண்டல அழுத்தம் ஓர் எல்லை போடுகிறது. காற்று கூடினால்தான் கூட எரிபொருளை எரிக்கலாம், எரித்தால்தான் இழுவை கூடும். அதே நேரம், எரிபொருளில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகச் சைலன்சர் வழியே வீணாய்ப் போகிறது. அந்தப் புகையால் ஒரு சில்லைச் சுழற்றி, அதே தண்டின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு சில்லால் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும்.

இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை எடுத்தவர் அல்பிரட் புய்ச்சி என்ற சுவிஸ் பொறியியலாளர். 1920களில் அது கப்பல்களின் டீசல் இஞ்சின்களுக்குப் போனது. பெற்றோல் காருக்கு வர 1962 ஆனது. அந்த வருடம் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் வந்தது. அதன் கொம்பிரஷன் 10.25க்கு 1. அதாவது சிலிண்டருக்குள் வந்த வாயு பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெரிக்கப்படுகிறது. அதற்கு மேல் டர்போவும் சேர்ந்து அமுக்கினால் என்ன நடக்கும்? பிளக் நெருப்பு வைக்க முதலோ, வைத்த நெருப்பு போய்ச்சேர முதலோ, எரிபொருள் சூட்டிலேயே தானாய்ப் பற்றும். 'டக் டக்' என்று சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் வரும். அதுதான் நொக்கிங். விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும். அதைத் தடுக்க ஜெட்ஃபயரில் தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றவேண்டியிருந்தது. சனம் ஊற்ற மறந்தது. அந்தக் கார் 1963உடன் நின்றுபோனது. பிறகு 1978இல் சாப் 99 டர்போவை விற்பனைக்கு விட்ட சுவீடன்காரர் வேறு வழி எடுத்தார்கள். கொம்பிரஷனை 7.2க்கு இறக்கினார்கள். கார் நின்று பிடித்தது.

இந்த 7.2ஐ ஞாபகம் வைத்திருங்கோ. வன்னிக்கு வருவோம்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, யூரியா என்று பட்டியல் நீண்டது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் அளந்து, பங்கீட்டு அட்டைக்கு வந்தது. அது விளக்குக்கும் அடுப்புக்கும் என்று வந்த எண்ணெய். ஆனால் நெல் மூட்டை ஏற்றவும், வருத்தக்காரரைக் கொண்டுபோகவும், வயலுக்குத் தண்ணி இறைக்கவும் இருந்த ஒரே எரிபொருளும் அதுதான். 1995 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கான சனத்தில் ஒரு பகுதி 1996அளவில் வன்னிக்குள் வந்து சேர்ந்தது. அதே வருடம் கிளிநொச்சி நகரும் போனபிறகு மல்லாவியும் புதுக்குடியிருப்பும் பட்டினங்களாகின. சனம் கூடியது, எரிபொருள் கூடவில்லை.

பெற்றோல் இஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் இரண்டு பிரச்சினை வரும். முதலாவது, அது ஆவியாகாது. பெற்றோல் எங்கட வெயிலிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்க 150 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த இஞ்சினுக்குள் அது துளியாய்ப் போய்ச் சிலிண்டர் சுவரில் வடியும். அதனால்தான் 'சூப்பி' வந்தது. அமத்தினால் பீச்சுகிற சின்னப் பிளாஸ்ரிக் போத்தல். அதுக்குள் பொன்னைப்போலக் காத்த கொஞ்சப் பெற்றோல். காபரேற்றருக்குள் ஒரு பீச்சு, ஒரு உதை, இஞ்சின் பிடிக்கும். சூடேறும்வரை இன்னும் ஒன்றிரண்டு பீச்சு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஓடத் தொடங்கினால் கடைவாசலில் கூட நிப்பாட்டமாட்டார்கள். நிப்பாட்டினால் திரும்பவும் பெற்றோல் வேண்டுமே.

இரண்டாவது பிரச்சினைதான் ஐயா சொன்னது. இன்றைக்கு எங்கட செட்டில் விற்கிற பெற்றோல் ஒக்டேன் 92, 95. மண்ணெண்ணெய் அதில் பாதியையும் எட்டாது. அதாவது கொஞ்சம் நெரித்தாலே தானாய்ப் பற்றிவிடும், நொக்கிங் வரும். வழி என்ன? நெரிப்பதைக் குறைப்பது. தன்ர கராச்சில் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் ஒரு கஸ்கற்றுக்குப் பதிலாய் இரண்டு போட்டதாய் ஐயா சொன்னார். சிலிண்டரின் மேலே இடம் கூட, கொம்பிரஷன் குறையும். பற்றவைக்கிற நேரத்தையும் கொஞ்சம் பிந்த வைப்பார்கள். டர்போ பூட்டுகிறவர்கள் இன்றைக்குச் செய்கிறதும் இதே இரண்டு வேலைதான். ஒருத்தர் காற்றைக் கூட்டுவதற்காகச் செய்கிறார், மற்றவர் நல்ல எண்ணெய் இல்லாததால் செய்தார். இரண்டு பேருக்கும் எதிரி ஒன்று, நொக்கிங்.

ஏன் தடைக்காலத்தில் பழைய ஒஸ்ரின் ஏ40உம் மொரிஸ் மைனரும் கொட்டிலுக்குள்ளிருந்து உயிர்த்து வந்தன என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. 1947இல் வந்த ஏ40 டெவனின் கொம்பிரஷன் 7.2. முப்பது வருடம் கழித்துச் சாப்காரர் இறங்கிவந்த அதே இலக்கம். போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் மட்டமான பெற்றோலைக் குடிக்கவென்று செய்த கார், அதனால் மண்ணெண்ணெயையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. புது ஜப்பான் கார் பொறுக்காது. இன்னும் இரண்டு காரணம் உண்டு. இந்தக் கார்களில் காற்றும் எண்ணெயும் உள்ளே போகிற குழாய், புகை வெளியே வருகிற குழாயோடு ஒட்டியிருக்கும். புகையின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவும். டர்போவைப்போல இதுவும் வீணாய்ப் போகிற சூட்டைப் பிடித்து வேலை வாங்குவதுதான். மற்றது, முன்னால் ஹாண்டில் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணலாம். பற்றரிக்கும் தடை என்ற காலத்தில் அது சின்ன விசயமில்லை.

இது வன்னியில் மட்டும் நடந்ததில்லை. பிரித்தானியக் கமக்காரர் வருடக்கணக்காய் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஓர் எண்ணெயில்தான் உழுதார்கள். 1949இல் வந்த ஃபெர்குசன் ரெட்20 உழவு இயந்திரம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் அந்த எண்ணெய்க்கு மாறும். அங்கே காரணம் வரியும் விலையும். அந்த இஞ்சினைத் தொழிற்சாலையே அதற்கென்று குறைந்த கொம்பிரஷனோடு செய்து கொடுத்தது. இங்கே கராச்சுக்காரர் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், பழைய கஸ்கற்றை வைத்துச் செய்தார்கள்.

டீசல் இஞ்சின் கதை நேர்மாறானது. அதில் பிளக் இல்லை. எண்ணெய் தானாய்ப் பற்றவேண்டும் என்பதுதான் அதன் வேலைமுறை. ஆகவே மண்ணெண்ணெய் அதில் லேசாய் எரியும். ஆனால் டீசலில் இருக்கிற வழவழப்பு மண்ணெண்ணெயில் இல்லை. எண்ணெயைப் பீச்சுகிற பம்பு உராய்ந்து தேயும். டர்போவும் டீசலுக்குத்தான் முதலில் ஒத்துப்போனது. இன்று ஏ9 வீதியில் ஓடும் டிப்பர்களிலும் புது பஸ்களிலும் அது இருக்கிறது. எங்கட நண்பன் கனவு கண்ட சாமான் ஒவ்வொரு நாளும் எங்களைத் தாண்டித்தான் போகுது.

இவ்வளவையும் கேட்டு நாங்கள் "என்ன கெட்டித்தனம் ஐயா!" என்றோம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"வேற வழி இல்லாமச் செய்ததைக் கெட்டித்தனம் எண்டு சொல்லாதேங்கோ தம்பி. நீங்கள் ஓடின வாகனத்தைத்தான் கேக்கிறியள். ஓடாததையும் கேளுங்கோ."

பிறகு அவர் சொன்னார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டி வடிந்து இஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். அடிக்கடி மாத்தவேணும், மாத்த ஒயில் எங்க? பெயறிங் போகும். பிளக் கரிபிடிக்கும், கழற்றி உரஞ்சிப் போட்டு ஓடவேணும். வெள்ளைப் புகையில் கண் எரியும், நெஞ்சு அடைக்கும். ஒரு மழை இரவு பிள்ளைப்பேற்றுக்கு வலி கண்ட ஒரு தாயை ஏற்றக் கார் கேட்டு வந்திருக்கிறார்கள். சூப்பி வெறுமை. நாலு வீடு தட்டிக் கொஞ்சப் பெற்றோல் எடுத்து வர ஒரு மணித்தியாலம் போனது. தாய் தப்பினார். பிள்ளை தப்பவில்லை. "கார் நல்லா ஓடினது" என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்தினார்.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. தடைக்காலத்தைப் பற்றி எங்கட ஆக்கள் எழுதுகிறபோது சூப்பியும் சைக்கிள் டைனமோவில் கேட்ட றேடியோவும் ஒரு பெருமைக் கதையாய் வந்துவிடுகிறது. அந்தப் பெருமை பொய்யில்லை. ஆனால் பெருமையை மட்டும் வைத்தால், தடை போட்டவர்களுக்கு அது வசதி. 'சமாளிச்சிட்டினம்தானே' என்று கதை முடிந்துவிடும். மறுபக்கம், துன்பத்தை மட்டும் எழுதினால் அந்தக் கைகளுக்குத் தெரிந்த வேலை காணாமல் போய்விடும். இரண்டையும் ஒன்றாய் எழுதவேண்டும் என்று முடிவெடுத்தோம். சரியாய் எழுதியிருக்கிறோமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

2002 தொடக்கத்தில் தடை பெரும்பாலும் நீங்கியது, ஏ9 திறந்தது. பெற்றோல் வந்தது, மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இரட்டைக் கஸ்கற்றைக் கழற்றினார்கள். 2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் மூடியது. எரிபொருள் திரும்பவும் அருமையானது, சூப்பி திரும்பவும் வந்தது. 2009 மேயில் எல்லாம் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, எரிந்த மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் பஸ்களும் அந்த மணலில் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலின் படங்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் எத்தனை இஞ்சினுக்குள் எங்கட கராச்சுக்காரரின் கைவேலை இருந்தது என்று இனி யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

2022இல் நாடு முழுக்க வரிசையில் நின்றது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அப்போது கனபேர் ஐயாவிடம் போய் மண்ணெண்ணெயில் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். "இப்பத்தை இஞ்சினுக்கு அது சரிவராது, சென்சரெல்லாம் போயிடும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. அந்த ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அதில் விழுந்தவர்கள் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். சின்னப் படகுகளின் வெளியிணைப்பு இஞ்சின் பல இன்றைக்கும் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாறுகிறதுதான். நாங்கள் பழங்கதை என்று கேட்டது அங்கே ஒவ்வொரு விடியலிலும் நடக்கிறது.

எங்கட நண்பன் இன்னும் டர்போ பூட்டவில்லை. ஐயா அவனிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்: கொம்பிரஷன் என்ன, எந்த எண்ணெய் ஊத்தப்போறாய், ஒயில் எத்தனை மைலுக்கு மாத்துவாய். பதில் கொண்டுவந்தால் தானே பூட்டித் தாறன் என்றிருக்கிறார். அவன் இப்போது சனிக்கிழமைகளில் கராச்சில் நின்று ஹெட் கழற்றப் பழகுகிறான். நாங்கள் கொப்பியும் போனும் கொண்டு கூடப் போய், அவர் சொல்லுகிறதைப் பதிவு செய்கிறோம். அவரோடு வேலை செய்தவர்களில் இருவர்தான் இப்போது இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

உங்கட வீட்டிலயும் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. சூப்பி ஆற்ற கையில இருந்தது, எந்தக் கார், எங்க போனது எண்டு. ஓடினதையும் கேளுங்கோ, ஓடாமல் நிண்டதையும் கேளுங்கோ. எழுதி அனுப்புங்கோ, சேர்த்துப் போடுவம்.