பொருள்நோக்கு வணிக மென்பொருள் கட்டமைப்பு

சம்பளம், சரக்கிருப்பு, வட்டிக் கணக்கு போன்ற வணிக வேலைகளுக்கான மென்பொருளை, தரவும் அதைக் கையாளும் செயல்முறையும் சேர்ந்த ‘பொருள்’களால் கட்டும் முறை. விதி மாறும்போது மொத்த நிரலையும் கலைக்காமல், உரிய இடத்தை மட்டும் திருத்த முடிய வேண்டும் என்பதே இதன் இலக்கு.

இனக்குழு (கிளாஸ்), மரபுரிமம் (இன்ஹெரிட்டன்ஸ்) ஆகிய கருத்துகளைத் தந்தது ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழி. 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஸ்மால்டாக் மொழி அவற்றைப் பரப்பியது. மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு கூறுக்குள்ளும் மறைத்து வையுங்கள் என்று 1972இல் டேவிட் பார்னஸ் எழுதியதும் இதே அளவு முக்கியமானது. பிற்கால உத்திகள் பலவும் அதன் விரிவாக்கமே.

மொழி கைக்கு வந்ததாலேயே நெகிழ்வு வந்துவிடவில்லை. வாடிக்கையாளருக்கு ஓர் இனக்குழு, சரக்கு தருபவருக்கு இன்னொன்று என்று எழுதிய நிறுவனத்தில், ஒரே வியாபாரி இரண்டுமாக இருந்தால் அவர் முகவரி இரண்டு இடத்தில் பதிவாகும். ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையதாகவே நிற்கும். மார்ட்டின் ஃபௌலர் 1996இல் வெளியிட்ட ‘அனாலிசிஸ் பேட்டர்ன்ஸ்’ நூல் இதற்குத் தெளிவான வழி காட்டியது: தனிநபரும் நிறுவனமும் ‘பார்ட்டி’ என்ற பொது இனக்குழுவின் வகைகள், முகவரியும் தொலைபேசி எண்ணும் அங்கேதான் இருக்கும். யார் யாருக்குப் பொறுப்பு என்பது தனி உறவாகப் பதிவாகும்.

அதற்கு இரண்டாண்டு முன்பே எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடஸ் நால்வரும் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில், அடிக்கடி எழும் வடிவமைப்புச் சிக்கல்களுக்கான 23 தீர்வு வடிவங்களைத் தொகுத்திருந்தனர். அவற்றுள் ‘ஸ்ட்ராட்டஜி’ வணிக மென்பொருளுக்குப் பெரிய வரம். வட்டி கணக்கிடும் முறை தனிப் பொருளாகிவிடுவதால், சேமிப்புக் கணக்கின் நிரலைத் தொடாமலே அதை மாற்றலாம்.

ஜான்சனும் ஜோசப் யோடரும் இன்னும் ஒரு படி போனார்கள். அவர்கள் விவரித்த தகவமைப் பொருள் மாதிரியில் வகைகளும் விதிகளும் தரவுத்தளத்தில் இருக்கும். புதுக் காப்பீட்டுத் திட்டத்தை நிரல் எழுதாமலே சேர்த்துவிடலாம். ஆனால் இத்தகைய அமைப்பைப் புரிந்துகொள்வதும் பிழை தேடுவதும் கடினம். விதிகள் அடிக்கடி மாறாத இடத்தில் இது வீண் சுமை.

எரிக் எவன்ஸ் 2003இல் வேறு பக்கம் திரும்பினார். விற்பனைப் பிரிவுக்கு வாடிக்கையாளரின் ஆர்டர்கள் வேண்டும், கணக்குப் பிரிவுக்கு அவருடைய பாக்கி வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரிக்குள் திணிக்காமல், எல்லை வகுத்துத் தனித்தனியே அமைக்கச் சொன்னார். 2010களில், மென்பொருளைச் சிறு தனிச் சேவைகளாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் முறைக்கு மாறிய பலர், எந்தச் சேவை எங்கே முடிய வேண்டும் என்பதை இந்த எல்லைகளைக் கொண்டே தீர்மானித்தனர்.