துடைக்கக் கூடாத எழுத்துகள்

பழைய வால்வு ரேடியோவைச் சுத்தம் செய்ய உட்காருகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதைத் துடைக்கக் கூடாது என்பதை. டயல் கண்ணாடியின் உள்பக்கம் அச்சிட்ட அலைவரிசை எண்களும், சில பெட்டிகளில் ஊர்ப் பெயர்களும், இத்தனை வருஷங்களில் பிடிமானம் இழந்து நிற்பவை. ஈரத்துணி பட்டால் எழுத்து துணியோடு வந்துவிடும். கண்ணாடி பளிச்சென்று ஆகும். முள் எந்த இடத்தில் நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. நம் சரித்திர உணர்வு பெரும்பாலும் இந்த ஈரத்துணிதான்.

கோவையின் ரேடியோ சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1932இல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. மில்களை ஓட்டிய கம்பி மெல்ல வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. 1939இல் திருச்சி வானொலி நிலையம் பேச ஆரம்பித்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்தார். அவருடைய பஸ் கம்பெனியின் பெயரான யு.எம்.எஸ். கோவையில் செய்த ரேடியோக்களின் பெயருமாயிற்று. இந்த மனிதரை நாம் 'இந்தியாவின் எடிசன்' என்று பாலிஷ் போட்டு வைத்திருக்கிறோம். அவர் முகத்தின் மேல் இன்னொருவர் பெயரை ஒட்டிவிட்டதில், பெட்டிகளுக்குள் குனிந்து சால்டர் வைத்த கைகளுக்கு இடமில்லாமல் போயிற்று.

பெட்டியைத் திறந்தால் வேறு சரித்திரம் கிடைக்கிறது. கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் வீட்டில் இருந்த ரேடியோ என்றால், உள்ளே பஞ்சு. வால்வுகளின் சூட்டில் காற்று மேலெழும்ப, பின்பலகைத் துவாரங்கள் வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. தறியின் பஞ்சுத் தூசியும் கூடவே வந்து சேஸிஸின் மேல் கம்பளமாகப் படிகிறது. வால்யூம் குமிழின் கார்பன் தடம், அதிகம் புழங்கிய இடத்தில் தேய்ந்து கரகரக்கும். தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்டவர்களின் ரேடியோவில் அந்தத் தேய்வு கடைக்கோடியில் இருக்கும். 1980களில் நீக்கப்படும் வரை ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. தபாலாபீசில் பணம் கட்டிய புத்தகம் பெட்டியின் பின்னால் செருகிக் கிடக்கலாம். பஞ்சை எடுக்கத்தான் வேண்டும். எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்வதற்குள்ளேயே முரண்பாடு உண்டு. மரப்பெட்டிக்குப் பளபளப்புத் தருவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அதே அரக்கில்தான் 78 சுழற்சி இசைத்தட்டுகளும் வார்க்கப்பட்டன. பெட்டியைத் துலக்கிய ஸ்பிரிட்டை எடுத்து, கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் பழைய தட்டு ஒன்றைத் துடைத்தால், அழுக்கோடு அவர் குரலும் கரைந்துவிடும். ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு விஷம்.

பழுது பார்ப்பதிலும் இப்படித்தான். நெடுநாள் மின்சாரம் காணாத எலெக்ட்ரோலிடிக் கண்டென்சரில் உள்படலம் நலிந்திருக்கும். எடுத்த எடுப்பில் 230 வோல்ட் கொடுத்தால் வெடிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சிலவற்றில் படலம் மீண்டும் கூடும். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களுக்கு அந்த யோகமும் இல்லை, மாற்ற வேண்டியதுதான். பழைய கூட்டைக் குடைந்து புதியதை உள்ளே ஒளித்து வைப்பவர்கள் உண்டு. வேலை நேர்த்தி, ஆனால் பார்க்கிறவனை ஏமாற்றுகிறது. புதியது புதியதாகவே தெரியட்டும் என்று விட்டு, கழற்றியதைப் பொட்டலமாகக் கட்டிப் பெட்டிக்குள்ளேயே வைப்பவர் பதிப்பாசிரியருக்கு நிகரானவர். அவர் தன் திருத்தத்தை மூலத்தோடு கலக்கவில்லை.

இப்போது குடலையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, உள்ளே ப்ளூடூத் பலகை வைத்துக் கொடுக்கிறார்கள். முள் அசைந்தாலும் அசையாவிட்டாலும் பாட்டு வருகிறது. டயலில் உள்ள எழுத்துகளுக்கு வேலை போய்விட்டது; அவை அலங்காரம். அந்தப் பெட்டி எங்கே இருந்தது, யார் வீட்டில் எந்தச் சத்தத்தோடு போட்டியிட்டது என்பதெல்லாம் உருவி எறிந்ததோடு போயிற்று.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். உள்பக்கத்துக்கு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும், அதுவும் எழுத்தைத் தொடாமல். மிச்சமிருக்கும் மங்கல் அப்படியே இருக்கட்டும்.