கடல் தாண்டிப் படிக்க வரும் பிள்ளைகள்: குனோங் ராபாட் வட்டாரத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

ஈப்போவின் தெற்கே சுண்ணாம்பு மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் குனோங் ராபாட், சாம் போ தோங் குகைக் கோயிலுக்கும் ஹியோங் பெங் பிஸ்கட்டுக்கும் பெயர் பெற்ற இடம். இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஓர் உயர்கல்விக் கூடம் தென்படும். ஈப்போ நகருக்குள் குவெஸ்ட் அனைத்துலகப் பல்கலைக்கழகமும், கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் பேராக் அரச மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997-இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம், தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் கல்லூரியாகத் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவையும் பேராக்கிலேயே இருக்கின்றன.

இவற்றுக்கு உள்நாட்டுப் பிள்ளைகளோடு வெளிநாட்டு மாணவர்களும் வருகிறார்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கி, பேருந்து ஏறி, அமான்ஜெயா நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு நிற்கும் ஒரு பிள்ளைக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது. பாடத்தைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். சாப்பாடு, வாடகை அறை, கடை, கோயில், காய்ச்சல் வந்த இரவு ஆகியவற்றில் அந்தப் பிள்ளைக்கு அருகில் இருப்பவர்கள் ஊர் மக்கள்தான்.

இராமானுஜனும் போர்வையும்

இதன் அருமையை உணர்த்த ஒரு தமிழ் மாணவரின் வாழ்க்கையே போதும். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன், 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவருடைய கணிதத்தை மதிக்கப் பேராசிரியர் ஹார்டி இருந்தார். 1916-இல் பட்டமும் கிடைத்தது. அன்றாட வாழ்க்கைதான் அவருக்குச் சுமையாயிற்று. சைவ உணவுக்காரர் என்பதால் அறையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். போர்க்காலம் வேறு, காய்கறி கிடைப்பதே அரிதாயிற்று.

அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள நண்பர் மகாலனோபிஸ் ஒரு நிகழ்ச்சியைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்று இராமானுஜன் சொன்னதும், அவர் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிப் போர்வைகள் மெத்தைக்கு அடியில் செருகியபடியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று இராமானுஜனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்தியபடி மேலேயே படுத்திருந்தார்.

1917-இல் நோயில் விழுந்த அவர், மருத்துவ இல்லங்களில் பல மாதங்களைக் கழித்தார். 1918-இல் இராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெருமை வந்தது. 1919-இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் 32 வயதில் காலமானார். எண்களில் அவருக்கு ஈடு இல்லை. போர்வையை விரிக்கச் சொல்லித்தர மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

எப்போது வாடிப்போகிறார்கள்?

புதிய பண்பாட்டில் வரும் திகைப்பைப் பற்றிப் பல ஆய்வுகள் உண்டு. 1955-இல் நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கிய சுமார் 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். ஆறு மாதத்திற்குக் குறைவாக இருந்தவர்கள் உற்சாகமாக இருந்தார்கள். ஆறு முதல் 18 மாதம் வரை இருந்தவர்களே அதிகம் சோர்ந்திருந்தார்கள். அதற்கு மேல் தங்கியவர்கள் மீண்டும் தேறியிருந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில், பலருக்கு முதல் சில வாரங்களே மிகக் கடினமாக இருந்ததும் தெரியவந்தது.

ஆகவே வந்த புதிதில் ஒரு முறை விருந்து வைத்து முடித்துவிடுவது போதாது. முதல் மாதத்திலும், முதல் தேர்வு முடிவு வரும் நேரத்திலும், தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களிலும் ஒரு வார்த்தை விசாரிப்பது பெரிய உதவி.

தமிழே புதிதாகத் தெரியும்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் மாணவர், தமிழ் பேசும் ஊர்தானே என்று தைரியமாக வருவார். கடையில் “அஞ்சு வெள்ளி” என்றால் ஐந்து ரிங்கிட் என்பது அவருக்குப் புரியாது. காலையில் “பசியாறியாச்சா?” என்று கேட்டால் விழிப்பார். காடி என்றால் கார், சடக்கு என்றால் சாலை என்பதையும் சொல்லித்தான் தர வேண்டும். அவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும், “ஊர்க்காரன்” என்று ஒதுக்குவதும் மனத்தைப் புண்படுத்தும்.

பல வெளிநாட்டு மாணவர்கள் அடிப்படை மலாய்மொழிப் பாடம் ஒன்றையும் எடுக்க வேண்டியிருக்கும். காப்பிக்கடையில் சாப்பாடு கேட்பது, பேருந்தில் இடம் சொல்வது, சந்தையில் விலை கேட்பது என மூன்று இடங்களுக்கு அழைத்துப்போய்ப் பேச வைத்தால், வகுப்பில் ஒரு மாதம் படித்ததற்குச் சமம்.

உணவிலும் விளக்கம் தேவை. காய்கறிப் பிரட்டலில் நெத்திலியோ பெலாச்சானோ சேர்ந்திருக்கலாம் என்பது சைவ மாணவருக்குத் தெரிய வேண்டும். முஸ்லிம் மாணவருக்கு ஹலால் சான்று உள்ள கடையைக் காட்ட வேண்டும். வீட்டுக்கு அழைப்பவர் முதலில் “என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டுவிடுவது நல்லது.

தவறவிடக் கூடாத ஆவணங்கள்

தீபகற்ப மலேசியாவில் வெளிநாட்டு மாணவர்களின் மாணவர் பாஸ் விண்ணப்பங்கள், 2012-இல் அமைக்கப்பட்ட இ.எம்.ஜி.எஸ். நிறுவனத்தின் வழியாகக் குடிநுழைவுத் துறைக்குப் போகின்றன. மாணவர் கவனிக்க வேண்டியவை:

• நாட்டுக்குள் வந்த ஏழு நாள்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்.

• பாஸைப் புதுப்பிக்கும்போது வகுப்பு வருகையும் (80 விழுக்காடு) தேர்வுப் புள்ளிகளும் பார்க்கப்படும். நோயால் வகுப்புக்குப் போகாவிட்டால் மருத்துவச் சான்றிதழை வாங்கி ஒப்படைக்க வேண்டும்.

• காலாவதியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

• பல்கலைக்கழகம் மாறினால் பழைய பாஸ் செல்லாது. விலகுவதற்கு முன்பே அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

• மருத்துவக் காப்புறுதி அட்டை எப்போதும் கையில் இருக்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளிலும் வெளிநாட்டினருக்குக் கட்டணம் கூடுதல்.

வாடகை, வேலை, வங்கிக் கணக்கு

அறை வாடகைக்கு விடுபவர்கள் இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீர், மின்சாரத்திற்குத் தனியாக ஒரு தொகையையும் வாங்குவது வழக்கம். எவ்வளவு, எப்போது திருப்பித் தரப்படும் என்பதை எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. “நம்ம பிள்ளைதானே, எழுத்து எதற்கு?” என்று விட்டுவிட்டால் பின்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கடப்பிதழை மட்டும் யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வாடகைக்கு ஈடாகவும் கூடாது, பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்திலும் கூடாது. பிறர் கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தின்கீழ் குற்றம். நகல் ஒன்று போதும்.

பகுதி நேர வேலைக்கும் வரம்பு உண்டு. ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலும் தவணை விடுமுறையிலும் மட்டும், வாரத்திற்கு 20 மணி நேரம் வரை, உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு கடை, தங்கும் விடுதி போன்ற இடங்களில் வேலை செய்யலாம். அதற்கும் கல்விக்கூடத்தின் வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வேண்டும். கல்லா மேசையில் உட்காரக் கூடாது. இரக்கப்பட்டு, அனுமதி இல்லாமல் கடையில் வேலை கொடுத்தால், அகப்படும் நாளில் முதலாளிக்கு அபராதம். மாணவருக்குப் படிப்பே போய்விடும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடுத்தால் மாதம் சில நூறு வெள்ளி தருவதாகச் சிலர் மாணவர்களை அணுகுகிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரை. யாருடைய பொட்டலத்தையும் ஊருக்கு எடுத்துப் போவதாக ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டும். போதைப்பொருள் குற்றங்களுக்கு இந்நாட்டில் தண்டனை மிகக் கடுமையானது.

பேசாமல் இருப்பவரைக் கவனிக்க வேண்டும்

அறையை விட்டு வெளியே வராதது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது, வீட்டுக்குப் போன் பேசுவதை நிறுத்துவது ஆகியவை கவலைப்பட வேண்டிய அறிகுறிகள். வீட்டை அடகு வைத்து அனுப்பிய பெற்றோரிடம் “தேர்வில் தோற்றுவிட்டேன்” என்று சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் உண்டு. அப்போது அறிவுரையைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே முதல் உதவி. பிறகு பல்கலைக்கழக ஆலோசகரிடம் உடன் போகலாம். மனநல உதவிக்கு ஹீல் 15555, தாலியான் காசே 15999 ஆகிய எண்களும், உயிருக்கு ஆபத்து என்றால் 999-உம் உள்ளன.

தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குத் தெரியும்

இது பேராக் தமிழர்களுக்குப் புதிய கதை அல்ல. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது, லயத்து வீட்டை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். எந்தப் பேருந்து எங்கே போகும், பள்ளியில் யாரைப் பார்ப்பது, மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது என்பதையெல்லாம் அன்று ஓர் அக்காவோ அண்ணனோ சொல்லிக்கொடுத்ததால்தான் கால் ஊன்ற முடிந்தது.

இன்று இவ்வட்டாரத்துப் பிள்ளைகளும் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு முன்பின் தெரியாத ஓர் ஊரில் யாரோ ஒருவர் கதவைத் திறக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தாயும் வேண்டிக்கொள்கிறார். அடுத்த முறை வெள்ளிக்கிழமைக் கோயிலில் பழக்கமில்லாத முகம் ஒன்று ஓரமாக நின்றால், “பசியாறிட்டீங்களா தம்பி?” என்று கேட்கலாம். அந்தச் சொல்லின் பொருள் அவருக்குத் தெரியாவிட்டால், சொல்லித்தருவதிலிருந்தே பழக்கம் தொடங்கும்.